ஊர்கூடி நடத்திய பள்ளி: நெ. து. சுந்தரவடிவேலுவின் கல்விப்பணி

அரசு அலுவலர்களின் பெயர்கள் பெரும்பாலும் அவர்கள் கையெழுத்திட்ட கோப்புகளோடு மறைந்துவிடுகின்றன. ஆணையிட்ட அமைச்சரை வரலாறு நினைவில் வைத்துக்கொள்ளும். ஆணையை ஊர்தோறும் கொண்டுசென்று நிறைவேற்றியவரை அவ்வளவாக நினைப்பதில்லை. இதற்கு விலக்காக அமைந்தவர் மிகச் சிலரே. அவருள் முதன்மையானவர் நெ. து. சு. என மூன்றெழுத்தால் ஆசிரியர் உலகம் அழைத்து வந்த நெ. து. சுந்தரவடிவேலு ஆவார். பொதுக்கல்வி இயக்குநர், அரசின் கல்வி ஆலோசகர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் எனப் பல பதவிகளை அவர் வகித்தார். எனினும் அவர் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்களின் நெஞ்சில் தோன்றுவது வரிசையாக அமர்ந்து உண்ணும் பள்ளிப் பிள்ளைகளின் காட்சிதான்.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். பெயரின் முன்னெழுத்துகளுள் முதலாவது அவ்வூரைக் குறிப்பது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நாளில் தன்மான இயக்கக் கருத்துகள் அவரைப் பற்றிக்கொண்டன. தந்தை பெரியாரிடம் கொண்ட பற்று அவர் வாழ்நாள் முழுவதும் குறையவேயில்லை. அக்கொள்கையை அவர் மேடையோடு நிறுத்திக்கொள்ளவுமில்லை. குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம் அம்மையாரைச் சாதி பாராது, சடங்குகளை நீக்கிச் சீர்திருத்த முறையில் மணந்தார். இத்தகைய திருமணம் அன்று உறவினரின் பகையைத் தேடித் தருவதாக இருந்தது. அரசுப் பணியை வாழ்வாகக் கொண்ட ஓர் இளைஞருக்கு அது மேலதிகாரிகளின் ஐயப் பார்வையையும் தேடித் தரக்கூடியதே.

ஊராட்சித் துறையில் சிறு பதவியொன்றில் தொடங்கிய அவருடைய அரசுப் பணி, பின்னர்க் கல்வித் துறைக்கு மாறியது. பள்ளி ஆய்வு அலுவலராக ஊர் ஊராகச் சென்ற ஆண்டுகளே அவருக்கு மெய்யான கல்விக்கூடமாக அமைந்தன எனலாம். அக்காலத்து ஊர்ப்பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். முதல் வகுப்பில் பெயர்கள் நீண்டு கிடக்கும். ஐந்தாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே எஞ்சியிருப்பர். அவர்களிலும் பெண் குழந்தைகளும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் மிகக் குறைவு. நடுவில் காணாமற்போன பிள்ளைகள் எங்கே சென்றனர்? ஆடு மேய்க்கச் சென்றனர்; களை பறிக்கச் சென்றனர்; தம்பி தங்கையரைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டிலேயே தங்கினர். ஆய்வாளர் பலரும் இதனை ஆண்டறிக்கையில் ஒரு விழுக்காடாக எழுதிவிட்டு நகர்ந்தனர். அவ்விழுக்காட்டுக்குப் பின்னே வயிற்றுப் பசி நிற்பதை நெ. து. சு. மறக்கவில்லை. அவரும் சிற்றூரிலிருந்து வந்தவர்தாமே.

1953-ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இராசாசி அரசு ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கென ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் நாளில் ஒரு வேளை மட்டும், ஏறத்தாழ மூன்று மணிநேரம், பள்ளியில் பயில வேண்டும்; எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரே கட்டடத்தில், ஒரே ஆசிரியரைக் கொண்டு, இரண்டு மடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அரசின் கணக்கு. குலத்தொழிலுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பும் கல்வி என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. துறையின் உயர் அலுவலர்களுள் ஒருவராக அன்று இருந்த நெ. து. சு. இதில் எத்தகைய நெருக்கடிக்கு ஆளாகியிருப்பார் என்பதை எளிதில் உணரலாம். பெரியாரின் தொண்டர் உள்ளம் ஒருபுறம். அரசாணைக்குக் கட்டுப்பட்ட அலுவலரின் கடமை மறுபுறம். 1954-இல் இராசாசி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகத் தொடர்ந்தார், அத்திட்டமும் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே நெ. து. சு. பொதுக்கல்வி இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

ஒரு திட்டத்தைக் கைவிடுவது எளிது; அதற்கு மாற்றாக ஒன்றைக் கட்டியெழுப்புவதே அரிது. பாதி நாள் பள்ளி வேண்டாவென்றால் முழுநாள் பள்ளிக்குப் பிள்ளைகள் வர வேண்டும். வந்தவர்களுக்குக் கட்டடமும் பலகையும் ஆசிரியரும் வேண்டும். அரசின் கருவூலமோ வளமாக இல்லை. இச்சிக்கலுக்கு அவர் கண்ட விடையே அவருடைய வாழ்க்கைப் பணியாக அமைந்தது.

முதலில் ஆசிரியர்களின் நிலையைக் காண்போம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் முதுமையில் வெறுங்கையோடு வீடு திரும்பிய காலம் அது. 1955-இல் ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் ஒருங்கே வழங்கும் முப்பயன் திட்டம் அவர்களுக்குக் கிடைத்தது. தொகை சிறிதுதான். எனினும், கிழப்பருவத்தில் பிள்ளைகளிடம் கையேந்த வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பிறந்த பிறகே ஆசிரியரிடம் கூடுதல் உழைப்பைக் கேட்கும் தகுதி துறைக்கு வந்தது. பின்னாளில் பகலுணவுப் பொறுப்பும் மாநாட்டுப் பொறுப்பும் தலைமேல் விழுந்தபோது ஆசிரியர்கள் முணுமுணுத்தாலும் முகம் திருப்பாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

அடுத்தது பசி. பள்ளியில் உணவளிப்பது தமிழகத்துக்கு முற்றிலும் புதிய சிந்தனையன்று. 1920-இலேயே, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது என்பது அன்றைய வரையறை. கல்வி நிதியை உணவுக்குச் செலவிடலாகாது என்ற தடையால் அம்முயற்சி நெடுங்காலம் செழிக்கவில்லை. அதனை மாநிலம் தழுவியதாக ஆக்கும் எண்ணம் காமராசருடையது. தொடர்வண்டிப் பாதையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் அவர் பேசியதாக வழங்கும் கதையைத் தமிழகத்தில் அறியாதார் இல்லை. அக்கதை எந்த ஊரில் நிகழ்ந்தது என்பதில் சொல்வோர் வேறுபடுவர். அது எவ்வாறாயினும், அந்த எண்ணத்தை நாள்தோறும் உலையேற்றும் ஏற்பாடாக மாற்றும் பொறுப்பு இயக்குநரிடம் வந்து சேர்ந்தது.

நிதித்துறையினர் தயங்கினர். ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே போகும் செலவு, முடிவில்லாச் செலவு என்பது அவர்களது அச்சம். அதில் தவறு காண்பதற்கில்லை. காசைக் காப்பது அவர்கள் கடமை. இந்நிலையில் நெ. து. சு. மேற்கொண்ட வழி கருதத்தக்கது. அரசாணைக்காகக் காத்திராமல், மனமுள்ள ஊர்களில் மக்களின் நன்கொடையைக் கொண்டே பகலுணவைத் தொடங்கச் செய்தார். 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதனைத் தொடங்கிவைத்தார். தாமே முன்வந்து பிள்ளைகளுக்குச் சோறிடும் ஊர்களின் எண்ணிக்கை வளர வளர, அரசு ஒதுங்கி நிற்பது இயலாததாயிற்று. 1957-இல் அரசின் உதவித்தொகை வந்தது. ஒரு வேளை உணவின் செலவு பத்துக் காசு; அதில் அரசின் பங்கு ஆறு காசு, ஊரின் பங்கு நான்கு காசு; ஆண்டுக்கு இருநூறு நாள் உணவு என்று வகுக்கப்பட்டது.

இக்கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். அணா வழக்கொழிந்து புதுக்காசு வந்ததும் அதே 1957-இல்தான். ஓர் அணாவுக்கு ஆறேகால் புதுக்காசு. எனவே அரசு தந்த ஆறு காசு, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் தியாகராயர் வரையறுத்த ஓரணாவுக்கும் சற்றுக் குறைவே. இடைப்பட்ட காலத்தில் ஏறிய விலைவாசியைத் தாங்கியது ஊர் தந்த நான்கு காசுதான். நூறு ஏழைப் பிள்ளைகள் உண்ணும் பள்ளியென்றால் ஆண்டுக்கு இருபதாயிரம் சாப்பாடு, இரண்டாயிரம் ரூபாய்ச் செலவு. அரசு ஆயிரத்திருநூறு தரும். ஊர் எண்ணூறு தர வேண்டும். இருநூறு வீடுள்ள ஊரில் வீட்டுக்கு நான்கு ரூபாய். அதனையும் பணமாகவே தர வேண்டுமென்பதில்லை. அரிசியாகவோ கம்பாகவோ காய்கறியாகவோ விறகாகவோ தரலாம். காசைக் கண்ணில் காணாத உழவனும் இவ்வேற்பாட்டில் கொடையாளி ஆக முடிந்தது. தன் வீட்டுத் தானியம் வேகும் பள்ளிக்குத் தன் பிள்ளையை அனுப்பாமல் இருக்க அவனுக்கு மனம் வருமா? ஆசிரியர் நாள்தோறும் வந்தாரா என்று கேட்கும் உரிமையும் அவனுக்கு அதனோடு வந்தது. சட்டத்தினால் கட்டாயக் கல்வி என்று எழுதி வைத்துச் சாதிக்க முடியாததை நான்கு காசு சாதித்தது.

பந்தியைப் பற்றியும் கூற வேண்டும். கோவிலிலும் குளத்திலும் தேநீர்க் கடையிலும் சாதி பார்த்த ஊர்களில், எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் ஒரே தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே அடுப்பில் வெந்ததை உண்பது சிறிய செய்தியன்று. தன்மான இயக்கத்தார் சமபந்தி விருந்து என்று ஆண்டுக்கு ஒருமுறை அரிதாக நடத்திக் காட்டியதை இத்திட்டம் பள்ளி நாள்தோறும் நடத்தியது. எல்லா ஊர்களிலும் அது தடையின்றி நடந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. தனித்து உட்கார வைத்த பள்ளிகளும், பிள்ளையை உண்ண விடாத பெற்றோரும் இருந்தனர். அந்நோய் இன்னும் முற்றாக நீங்கவில்லை. இருப்பினும், முழக்கம் எதுவும் எழுப்பாமல் ஒரு கொள்கையைப் பள்ளி அட்டவணைக்குள் நுழைத்த நுட்பத்தை வியக்காமல் இருக்க இயலாது.

சோறு கிடைத்தது, பிள்ளைகள் வந்தனர். வந்தவர்களுக்கு உட்காரப் பலகை இல்லை. கூரை ஒழுகிற்று, கரும்பலகை வெளுத்திருந்தது. இதிலிருந்து பிறந்ததே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அதன் முதல் மாநாடு 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடிற்று. ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் அனைத்தும் ஒன்றுசேரும். ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்து, தம் பள்ளிக்குத் தேவையானவற்றைப் பட்டியலிடுவர். வகுப்பறை, கிணறு, வேலி, மேசை, நாற்காலி, நிலப்படம், கடிகாரம், மணி, உண்கலம், சீருடை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் விலை குறிக்கப்படும். யார் எதைத் தருவது என்பதும் அங்கேயே முடிவாகும். மாநாட்டு நாளில் முதலமைச்சரோ அமைச்சரோ வருவார். பொருள்கள் ஊரறியப் பள்ளிக்கு ஒப்படைக்கப்படும். ஊர் கூடித் தேர் இழுக்கும் பழக்கம் தமிழனுக்கு உண்டு. தேருக்குப் பதிலாகப் பள்ளியை நிறுத்தினார் நெ. து. சு. கோவில் குத்துவிளக்கில் உபயதாரர் பெயர் பொறிக்கும் மரபு, பள்ளிப் பலகையின் முதுகில் பெயர் எழுதும் மரபாக மாறியது. தெய்வத்தில் நம்பிக்கை இல்லாத ஓர் இயக்குநர் திருவிழாவின் இலக்கணத்தை இவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தது சுவையான முரண்தான்.

சீருடையும் இவ்வியக்கத்தின் வழியே ஊர்ப்பள்ளிகளுக்குள் வந்தது. இன்று சீருடை என்றால் ஒழுங்கின் அடையாளமாகவே பலரும் கருதுவர். அன்று அதன் பொருள் வேறு. கிழிந்த துணியோடு வந்த பிள்ளை, பட்டுப்பாவாடை உடுத்த பிள்ளையின் அருகில் கூசாமல் உட்கார வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இவ்வியக்கத்துக்குக் குறையே இல்லை என்று கூறுவது அவரைப் போற்றுவதாகாது. அரசு செய்ய வேண்டிய கடமையை மக்கள் தலையில் சுமத்துவது முறையா என்ற வினா அன்றே எழுந்தது. அது நேர்மையான வினா. நிலமும் நெசவும் வாணிகமும் செழித்த ஊர், தன் பள்ளியை அழகுறச் செய்துகொள்ளும். வானம் பார்த்த பூமியில் வாழும் ஊர் எதைக் கொண்டு செய்யும்? மேலும், மேலதிகாரி நன்கொடை கேட்டால் கீழுள்ளவர் தம்மால் இயன்றதற்கு மேலும் தண்டிக் காட்ட முனைவர். மனமுவந்த கொடை எங்கே முடிந்து, கட்டாய வசூல் எங்கே தொடங்குகிறது என்பதை மாநாட்டுப் பந்தலில் நின்று காண முடியாது. இவ்விடர்ப்பாட்டுக்கு முழுமையான மறுமொழி அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. காத்திருந்தால் ஒரு தலைமுறை எழுத்தறியாமல் போய்விடும் என்பதே அவருடைய செயலுக்குப் பின்னின்ற நியாயம். வெறுமையான கருவூலத்தை எண்ணிப் பார்க்கும்போது அந்நியாயத்தைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

பொதுக்கல்வி இயக்குநரே பொது நூலகத் துறைக்கும் பொறுப்பாக இருந்த காலம் அது. இந்தியாவிலேயே முன்னோடியான 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டுவரியோடு நூலக வரியும் தண்ட வழிசெய்திருந்தது. பள்ளியில் எழுத்தறிந்தவர், படிப்பதற்கு ஏதுமின்றி மீண்டும் எழுத்தை மறந்துவிடலாகாது என்னும் கவலையோடு ஊர்ப்புறக் கிளை நூலகங்களைப் பெருக்குவதிலும் அவர் கருத்தூன்றினார். இப்பணிகளைச் சிறப்பித்து 1961-இல் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருதினை வழங்கியது. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் கேர் நிறுவனத்தின் பால்மாவும் சோளமாவும் எண்ணெயும் பகலுணவுக்கு வந்து சேர்ந்தன. உண்ணும் பிள்ளைகளின் தொகை பெருகிற்று என்பது நன்மை. அயலவர் அனுப்பிய மாவு வந்தபின் ஊர்ப்பானையின் அருமை குறைந்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

1963-இல் காமராசர் பதவி விலகினார், பக்தவத்சலம் வந்தார், 1967-இல் ஆட்சியே மாறி அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். ஓர் ஆட்சியின் சாதனையோடு பெயர் பிணைந்துவிட்ட அலுவலர், அடுத்த ஆட்சியில் ஓரங்கட்டப்படுவது நாம் அறிந்ததே. நெ. து. சு.வுக்கு அந்நிலை நேரவில்லை. புதிய அரசு அவரைத் தலைமைக் கல்வி ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. 1968 சனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. கல்லூரிகளிலும் தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என்னும் கருத்தும் அத்தீர்மானத்தில் இடம்பெற்றது. கல்வித் துறைக்கு அதனினும் கொந்தளிப்பான காலம் அரிது.

ஆலோசகர் பதவி விந்தையானது. இயக்குநரின் சொல்லுக்கு ஆயிரக்கணக்கான பள்ளிகள் அசையும். ஆலோசகரின் சொல் கோப்பின் ஓரக்குறிப்பாக நிற்கும். ஏற்பதும் விடுவதும் பிறர் கையில். ஆயினும் அவர் சொல்லுக்கு அங்கே தனி மதிப்பு இருந்ததில் வியப்பில்லை. அவர் பேசியது புள்ளிவிவரத்திலிருந்து பிறந்த பேச்சன்று. ஒழுகும் கூரையின் கீழ் நின்று பார்த்தவரின் பேச்சு. கொள்கை வகுப்போர் பலர் பள்ளியைத் தாம் படித்த நாளுக்குப் பின் கண்டதேயில்லை என்பதை நினைக்கும்போது இவ்வேறுபாடு நன்கு விளங்கும்.

1969-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். இருபத்தேழு ஆண்டுகள் அப்பதவியில் வீற்றிருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரை அடுத்து அவ்விருக்கைக்கு வந்தவர் அவர். ஒரு பெருமரத்தின் நிழலுக்குப் பின் நட்ட செடிக்கு நேரும் ஒப்பீடுகள் அவருக்கும் நேர்ந்தன. தொடக்கப்பள்ளிகளின் இயக்குநர் பல்கலைக்கழகத்தை நடத்துவதா என்று கருதிய மேட்டிமையும் இல்லாமலில்லை. 1975 வரை இருமுறை அப்பொறுப்பை வகித்தார். அவர் காலத்துப் பல்கலைக்கழகத்தை நிரப்பிய மாணவருள், பகலுணவுப் பந்தியில் அமர்ந்து எழுந்து குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் இருந்தனர். பதவியின் பெருமைகளுள் இதனினும் பெரிது அவருக்கு வேறு இருந்திருக்க முடியாது.

ஓய்வுக்குப் பின் எழுத்தில் ஆழ்ந்தார். பயண நூல்களும் சிறுவர்க்கான நூல்களும் கல்விக் கட்டுரைகளும் அவர் கைவண்ணத்தில் வந்தன. அனைத்திலும் நிலைத்து நிற்பது மூன்று பெருந்தொகுதிகளாக அமைந்த ‘நினைவு அலைகள்’ என்னும் தன்வரலாறு. செறிவை நாடும் வாசகர்க்கு அந்நூல் சற்று அயர்ச்சி தரும். கூறியது கூறலும் உண்டு. ஆனால் ஒரு நல்ல எண்ணம் அமைச்சரின் மேசையிலிருந்து ஊர்ப்பள்ளியின் அடுப்பங்கரைக்கு எந்தெந்தத் தடைகளைக் கடந்து சென்று சேர்ந்தது என்பதை உள்ளிருந்தவர் ஒருவர் விளக்கிய நூல் தமிழில் அதனைப்போல் வேறில்லை. கல்வி வரலாற்றை ஆராய்வோர் அதனைத் தவிர்த்துவிட்டு மேற்செல்ல இயலாது.

1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நெ. து. சு. உயிரோடிருந்தார். செலவு முழுவதையும் அரசே ஏற்றது. தனிப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். ஆசிரியரின் சுமை குறைந்தது; உணவு பிள்ளையின் உரிமையாயிற்று; ஏழை ஊர், செல்வ ஊர் என்ற வேறுபாடும் நீங்கியது. முன்னர் எழுந்த நேர்மையான வினாவுக்குக் காலம் தந்த விடை அது. ஊரின் நான்கு காசு அத்துடன் மறைந்தது. அதனோடு, பள்ளி நம்முடையது என்று ஊரார் உரிமையோடு உள்ளே வந்த வழியும் குறுகிப்போயிற்று. 2022-இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டித் திட்டமும் அரசின் செலவிலேயே நடைபெறுகிறது.

1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், தம் எண்பத்தொன்றாம் வயதில், நெ. து. சுந்தரவடிவேலு காலமானார். சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் கொடுத்த பலகைகளும் மரப்பேழைகளும் அதன் பின்னும் சில பழைய பள்ளிகளில் கிடந்தன. அவற்றின் முதுகில் எழுதிய பெயர்கள் பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து தேய்ந்து போயிருந்தன.